அஞ்சலையோடு நெய்வேலிக்கு ஒரு பஸ் பயணம்

முந்திரிக்காட்டு வழிகளைப் பற்றி நான் எழுதிய பதிவுக்குக் கீழே ஒரு பெண் கேட்டிருந்தார். அவருடைய தம்பிக்குப் பதினெட்டு வயது, வளர்ச்சிக் குறைபாடு உள்ளவன். பரிசோதனைக்காக முதல்முறையாக வெளியூர் கூட்டிப் போகிறார்களாம். பஸ்ஸில் சமாளிக்க முடியுமா, வீட்டிலிருந்து யார் யார் போக வேண்டும் என்பது கேள்வி. ஒரு வரியில் பதில் எழுதப் பார்த்தேன், முடியவில்லை. அறுபதுகளின் நடுவில் நானே அப்படி ஒரு பயணம் போயிருக்கிறேன். அதைச் சொல்வதுதான் பதில்.

அப்போது எனக்குக் கல்யாணமாகி ஆறு மாதம். நான் மாயவரத்துப் பெண். என் கணவர் வேலாயுதம் நெய்வேலி மின்நிலையத்தில் கான்ட்ராக்டில் சேர்ந்து அப்போதுதான் பெர்மனன்ட் ஆகியிருந்தார். குவார்ட்டர்ஸ் கிடைக்கும்வரை நான் திருவதிகையில் மாமியாரோடு இருந்தேன். அந்த வீட்டில் மூன்றாவது ஆள் அவருடைய தங்கை அஞ்சலை. பத்தொன்பது வயது. நல்ல உயரம், கருகருவென்று இரட்டைப் பின்னல். ஒரு சொல், இரண்டு சொல்லாகத்தான் பேசுவாள். அம்மா, சோறு, அண்ணி, வேணாம். நாள் முழுக்க மல்லாட்டை உரிப்பாள் (வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர்). ஒரு பருப்பு கூட உடையாது. யாராவது சத்தம் போட்டால் மட்டும் தன் தலையில் தானே அடித்துக்கொள்வாள்.

கல்யாணமான முதல் வாரமே அவர் என்னிடம் சொல்லிவிட்டார்: "குவார்ட்டர்ஸ் வந்ததும் அஞ்சலைய மெட்ராஸ்ல ஒரு விடுதியில சேத்துடுவோம். உனக்கு அந்தக் கஷ்டம் இருக்காது." மாமியாருக்கும் அதே எண்ணம்தான். "நான் கண்ண மூடிட்டா இவ கதி என்னா? நேத்து வந்த உன் தலையிலயா கட்ட முடியும்?" என்பார். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. இருபது வயதில் புருஷனோடு தனிக்குடித்தனம் போகும் கனவு யாருக்குத்தான் இல்லை?

நெய்வேலியில் அந்தக் காலத்தில் ஒரு டாக்டரம்மா ஞாயிற்றுக்கிழமைகளில் தன் குவார்ட்டர்ஸ் முன்னறையில் இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பார்த்து வந்தார். கூட ஒரு பள்ளி ஆசிரியரும் ஒரு நர்ஸும். எந்த நிர்வாகமும் நடத்தியதல்ல, அவர்களாகச் சேர்ந்து செய்தது. விடுதியில் சேர்க்க வேண்டுமானால் அவர்கள் பார்த்துச் சொல்ல வேண்டும். குவார்ட்டர்ஸ் கிடைத்த வாரமே வரச் சொல்லிவிட்டார்கள். என் கணவருக்கு அன்று ஃபர்ஸ்ட் ஷிப்ட். மாமியாரைக் கூப்பிட்டேன்.

"நான் வந்தா அங்க உக்காந்து அழுதுடுவேன். நீயே இட்டுகினு போம்மா" என்று சொல்லிவிட்டு, ஒரு துணிப்பையில் அவித்த மல்லாட்டையைக் கட்டிக் கொடுத்தார். அஞ்சலைக்குப் புதுத் தாவணி உடுத்தி, தலைவாரி, வாசல்வரை வந்தார். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

திருவதிகையிலிருந்து பண்ருட்டி பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தே போய்விடலாம், அரைமணி நேரம்தான். பலாப்பழக் காலம். ஸ்டாண்டு ஓரமெல்லாம் பழம் மலைமலையாகக் கிடந்தது. அஞ்சலை ஒவ்வொரு பழத்தையும் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தாள். வியாபாரிகள் ஒன்றும் சொல்லவில்லை. அங்கிருந்து நெய்வேலிக்கு இன்றைய கணக்கில் இருபத்தைந்து கிலோமீட்டர் போல வரும், அன்றைய பஸ்ஸுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். டிக்கெட் ஆளுக்கு ஒரு ரூபாய்க்குள்தான். ஜன்னலோரம் அவளை உட்காரவைத்து, என் முந்தானை நுனியை அவள் கையில் கொடுத்தேன்.

பஸ் கிளம்பி, டிரைவர் முதல் ஹாரன் அடித்ததுமே எல்லாம் கெட்டது. அஞ்சலை அலறினாள். தலையில் அடித்துக்கொண்டாள். நான் கையைப் பிடித்தால் என்னையும் அடித்தாள். ஒவ்வொரு வளைவிலும் ஹாரன், ஒவ்வொரு ஹாரனுக்கும் அலறல். பின்சீட்டில் யாரோ "பேயா?" என்று கேட்டார்கள். முன்சீட்டுக் கைக்குழந்தை அழ ஆரம்பித்தது. முத்தாண்டிக்குப்பம் வந்ததும் கண்டக்டர் என் பக்கத்தில் வந்து நின்றார். கெட்ட மனிதர் இல்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் சொன்னார்.

"தப்பா நெனக்காதீங்கம்மா. இங்க எறங்கி, கொஞ்சம் ஆறப்போட்டு அடுத்த வண்டியில வாங்க. ஜனங்க பயப்படறாங்க."

இறங்கிவிட்டோம். பஸ் போய், புழுதி அடங்கி, நாங்கள் இரண்டு பேர் மட்டும் நின்றோம். எதிர்ப்பக்கம் பண்ருட்டி போகும் பஸ் முதலில் வரும் என்று டீக்கடைக்காரர் சொன்னார். திரும்பிப் போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். அஞ்சலை சாலையோர முந்திரி மரத்தடியில் உட்கார்ந்து, பையைத் திறந்து, மல்லாட்டையை உரித்து என் உள்ளங்கையில் வைத்தாள். தான் சாப்பிடவில்லை. எனக்கு உரித்துக்கொண்டே இருந்தாள்.

அப்போது தூரத்தில் ஒரு லாரி வந்தது. அது ஹாரன் அடிக்கும் என்று எனக்குத் தெரியும். யோசிக்காமல் வாயில் வந்ததைச் சொன்னேன்: "அஞ்சல, அதோ பாரு வருது. கத்தப்போவுது. காதப் பொத்திக்கோ." அவள் பொத்திக்கொண்டாள். லாரி கத்திக்கொண்டே போனது. கையை எடுத்துவிட்டு, போன லாரியைப் பார்த்து அவள் சிரித்தாள். அடுத்த லாரிக்கும் அப்படியே. சத்தம் அவளுக்குப் பயம் இல்லை. சொல்லாமல் வரும் சத்தம்தான் பயம்.

பண்ருட்டி பஸ் வந்து நின்று போனது. நாங்கள் ஏறவில்லை.

நெய்வேலி பஸ் வந்ததும் நேராக டிரைவர் பக்கம் போனேன். "அண்ணே, ஒரு ஒதவி. ஹாரன் அடிக்கறதுக்கு முன்னால எங்களுக்கு ஒரு வார்த்த சொல்லணும். இவளுக்குத் திடீர்னு கேட்டா ஒத்துக்காது."

அவர் பெரிய மீசைக்காரர். என்னையும் பார்த்தார், அஞ்சலையையும் பார்த்தார். "உத்தரவு கேட்டுகினு ஹாரன் அடிக்கற மொத டிரைவர் நானாத்தான் இருப்பேன். ஏறுங்க, எம் பின்னாலயே உக்காருங்க" என்றார்.

அவ்வளவுதான். வழியெல்லாம், "பாப்பா, அடிக்கப்போறேன்!" என்று குரல் கொடுப்பார். அஞ்சலை காதைப் பொத்திக்கொள்வாள். பாம், பாம். உடனே சிரிப்பு. நான்கைந்து தடவைக்குப் பிறகு பஸ்ஸில் பாதிப் பேர் அவளோடு சேர்ந்து காதைப் பொத்திக்கொண்டு வந்தார்கள். (இப்போதைய ஏர் ஹாரனுக்கு இது போதாது. பஞ்சு எடுத்துக்கொண்டு போங்கள்.)

டவுன்ஷிப்பில் இறங்கினால் அஞ்சலைக்கு எல்லாமே அதிசயம். நூல் பிடித்த மாதிரி நேரான சாலைகள், ஒரே மாதிரி வீடுகள், இடுப்பளவு வேப்பங்கன்றுகள். எல்லா ஜில்லாவிலிருந்தும் வந்து குடியேறியவர்கள் என்பதால் வழி கேட்டால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு தமிழில் பதில் சொன்னார்கள். டாக்டரம்மா வீட்டை எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

நர்ஸ் அஞ்சலையை உள்ளே அழைத்துப் போனார். என்னை வெளி வராந்தாவில் உட்காரச் சொன்னார்கள். ஜன்னல் வழியாகத் தெரிந்தது. ஆசிரியர் பொன்னையா, திருநெல்வேலிக்காரர், மேசையில் மரக்கட்டைகளை வைத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கச் சொன்னார். அஞ்சலை எல்லாக் கட்டைகளையும் எடுத்துத் தாவணியில் கட்டி மடியில் வைத்துக்கொண்டாள். படங்களைக் காட்டினார். அவள் பார்க்கவே இல்லை. பேர் கேட்டார், ஊர் கேட்டார், பதில் இல்லை. பிறகு அவளை ஒரு மூலையில் பாயில் உட்காரவைத்துவிட்டுத் தாழ்ந்த குரலில் பேச ஆரம்பித்தார்கள்.

இரண்டு மணிக்கு மின்நிலையத்துச் சங்கு ஊதியது. ஷிப்ட் முடிந்து அவர் வேர்க்க விறுவிறுக்க வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். "என்ன சொன்னாங்க?" என்றார். "என்கிட்ட ஒண்ணும் சொல்லல" என்றேன்.

கதவு திறந்தது. வெளியே வந்தவர் டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. முக்காடு போட்ட, முப்பது வயதிருக்கும் ஒரு பெண். நூர்ஜஹான் அக்கா என்று பிறகு தெரிந்துகொண்டேன். நெல்லிக்குப்பத்தில் பிறந்தவர், கணவருக்கு மைன்ஸில் வேலை. அவருடைய ஏழு வயது மகனுக்கு நடையும் பேச்சும் தாமதம். மாதக்கணக்கில் அவனைக் கூட்டி வந்து இதே வராந்தாவில் காத்திருந்துவிட்டு, ஒருநாள் உள்ளே போய்க் கேட்டாராம்: "எம் புள்ளயப் பத்தித்தானே பேசிக்கினு இருக்கீங்க? நான் ஏன் வெளிய உக்காந்திருக்கேன்?" டாக்டரம்மா யோசித்துப் பார்த்து, ஒரு நாற்காலி போட்டார். அன்றிலிருந்து மற்றக் குடும்பங்கள் வரும்போதும் அக்கா அந்தக் குழுவில் ஒருவர்.

"ரெண்டு பேரும் உள்ள வாங்க" என்றார். "உங்க வூட்டுப் பொண்ணப் பத்தின பேச்சு. நீங்க இல்லாம எப்படி?"

உள்ளே போய் உட்கார்ந்தோம். பொன்னையா சாருக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது. ஆனாலும் மரியாதையாகப் பேசினார். "பாத்துட்டம்மா. சொன்னதச் செய்யல, கேட்டதுக்குப் பதில் இல்ல. விடுதியில சேக்கதுதான் அவளுக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லதுன்னு நெனைக்கேன்."

டாக்டரம்மா என் கணவரைப் பார்த்தார். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "நீங்க சொன்னாச் சரிங்க" என்றார்.

அத்தோடு முடிந்திருக்கும். நூர்ஜஹான் அக்கா என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லும்மா. குவார்ட்டர்ஸுக்கு வந்தா பொழுதெல்லாம் அவகூட இருக்கப்போறது நீதானே?"

அந்த வயதில் என் அபிப்பிராயத்தை யாரும் கேட்டதில்லை. நல்ல மருமகள் மாதிரி ஏதாவது சொல்ல நினைத்தேன். வந்தது வேறு.

"விடுதிக்கு அனுப்பிடலாம்னுதான் காலையில கெளம்புனேன்" என்றேன். "எனக்குப் பயமா இருந்துச்சு. இப்பவும் பயம்தான். வழியில என்னை அடிச்சா. அப்புறம் அவளே எனக்கு மல்லாட்ட உரிச்சுக் கொடுத்தா." பஸ்ஸில் நடந்தது, லாரி, டிரைவர், எல்லாம் கொட்டிவிட்டேன். "அதனால அனுப்பணுமா வேணாமான்னு எனக்குத் தெரியல."

என் கணவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"தெரியலன்னா தெரியலன்னே எழுதிக்குங்க டாக்டரம்மா" என்றார் அக்கா. "மூணு மாசம் கழிச்சு என் வாயிலயும் அதான் வந்துச்சு. இந்தப் பொண்ணு மொத நாளே சொல்லிட்டா."

பொன்னையா சார் சிரித்துவிட்டார். "பஸ்ல சொன்னதக் கேட்டுக் காதப் பொத்தினாளா? எங்கிட்ட ஒண்ணுமே செய்யலையே" என்று என்னிடம் திரும்பத் திரும்ப விசாரித்தார். குற்றம் சொல்லும் விசாரணை இல்லை, ஆவலோடுதான்.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே அஞ்சலை பாயிலிருந்து எழுந்து வந்தாள். மடியை அவிழ்த்தாள். அவள் அண்ணன் முன்னால் ஒரு மரக்கட்டையை வைத்தாள். என் முன்னால் ஒன்று. நூர்ஜஹான் அக்காவுக்கு, நர்ஸுக்கு, டாக்டரம்மாவுக்கு ஆளுக்கு ஒன்று. பொன்னையா சாரிடம் கொஞ்சம் தயங்கி, பிறகு அவருக்கும் ஒன்று. தனக்கொன்று வைத்துக்கொண்டாள். கையில் ஒரு கட்டை மிச்சம். மேசையைச் சுற்றிப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள்.

"அம்மாக்கு" என்றாள்.

அவ்வளவு பேர் கூடி அவளுடைய வாழ்க்கையைத் தீர்மானிக்க உட்கார்ந்திருந்தோம். பத்தொன்பது வருஷம் அவளோடு இருந்தவர் திருவதிகையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டாக்டரம்மா பேனாவை மூடினார். "அடுத்த ஞாயித்துக்கிழமை அவங்க அம்மாவும் வரட்டும். அதுவரைக்கும் எந்த முடிவும் வேண்டாம்" என்றார்.

அங்கிருந்து புதுக் குவார்ட்டர்ஸைப் பார்க்கப் போனோம். சுண்ணாம்பு வாடை. இரண்டு அறை, ஒரு அடுப்படி, பின்னால் குழாய். அஞ்சலை குழாயைத் திறந்துவிட்டு அதன் கீழே கையை நீட்டிக்கொண்டே நின்றாள். நான் வெறும் அறையின் நடுவில் நின்று எங்கே எதை வைப்பது என்று ஆறு மாதமாகப் போட்டுவைத்திருந்த கணக்கையெல்லாம் நினைத்துப் பார்த்தேன்.

"நான் உங்கிட்ட வேற மாதிரி சொல்லியிருந்தேன்" என்றார் அவர்.

"ஆமா. சொல்லியிருந்தீங்க."

"கோவமா?"

"பசிக்குது" என்றேன். உண்மையிலேயே காலையிலிருந்து மல்லாட்டை மட்டும்தான் வயிற்றில் இருந்தது. அவர் ஓடிப்போய்க் கேன்டீனிலிருந்து இட்லிப் பொட்டலம் வாங்கி வந்தார். மூன்று பேரும் வெறுந்தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். சாப்பிடும்போது கொஞ்சம் அழுதேன். அவர் பார்க்காத மாதிரி இருந்தார். அது அவருடைய நல்ல குணம்.

அடுத்த வாரம் மாமியார் வந்தார். அந்தக் குழுவிடம் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அந்த விடுதியில ராவுல இவ முழிச்சிகினா, யாருங்க தட்டிக் குடுப்பாங்க?" பொன்னையா சார்தான் முதலில் வாய் திறந்தார். "எனக்குத் தெரியலம்மா. ஆனா நீங்க எப்படித் தட்டிக் குடுப்பியன்னு எங்களுக்குச் சொல்லுங்க" என்றார். மாமியார் தன் தொடையில் மெதுவாகத் தட்டிக் காட்டினார். அழுவேன் என்று வராமல் இருந்தவர் அன்று அழவே இல்லை. விடுதிப் பேச்சு அதோடு நின்றது. திருவதிகை வீட்டைப் பூட்டிவிட்டு அவரும் அஞ்சலையும் எங்களோடு குவார்ட்டர்ஸுக்கு வந்தார்கள்.

எல்லாம் சுகமாகப் போய்விட்டது என்று எழுதினால் பொய். சங்கு ஊதும்போதெல்லாம் முதல் மாதம் ரகளைதான். பக்கத்து வீட்டில் சண்டைக்கு வந்தார்கள். நானும் ஒருநாள் கோபித்துக்கொண்டு மாயவரம் போய், நான்காம் நாள் திரும்பி வந்தேன். ஆனால் தனியாகத் தவிக்கவில்லை. காலையில் எனக்கு எது முடியும், மாமியாருக்கு எது முடியும், ஷிப்ட் முடிந்து வந்தால் அவர் என்ன செய்ய வேண்டும் என்று ஞாயிறுதோறும் சேர்ந்து பேசி வைத்துக்கொள்வோம். சங்குக்கு முன்பே அஞ்சலையிடம் சொல்லிவிடும் வேலையை அவர் எடுத்துக்கொண்டார். ஷிப்டில் இருந்தால் பக்கத்து வீட்டுக்காரர். ஆமாம், சண்டைக்கு வந்த அதே மனிதர்தான். ஒரு வருஷம் கழித்து எனக்கும் அந்த மேசையில் ஒரு நாற்காலி போட்டார்கள். நூர்ஜஹான் அக்காவோடு நெல்லிக்குப்பம், பண்ருட்டி என்று இப்படிப்பட்ட பிள்ளைகள் இருக்கும் வீடு வீடாகப் போயிருக்கிறேன்.

இனி, கேள்வி கேட்ட அந்தப் பெண்ணுக்கு. பஸ்ஸில் டிரைவருக்குப் பின் சீட்டாகப் பார்த்து உட்காருங்கள், ஏறும்போதே அவரிடம் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். நம் ஆட்கள் தெரியாமல்தான் முகம் சுளிப்பார்கள், தெரிந்தால் உதவுவார்கள். நெரிசல் நேரம் வேண்டாம். பிடித்த தீனி, மாற்றுத் துணி, தண்ணீர் கட்டாயம். பாதி வழியில் இறங்க நேர்ந்தால் பயணம் கெட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள், ஒரு பஸ்ஸுக்கான நேரத்தைக் கையில் வைத்துக்கொண்டு கிளம்புங்கள். யார் போவது என்றால், தம்பியோடு பொழுதெல்லாம் இருப்பவர் போக வேண்டும். அவர் வெட்கப்பட்டாலும், அழுதாலும் சரி. அங்கே வெளியே உட்காரச் சொன்னால், உள்ளே வரலாமா என்று கேளுங்கள். இன்று பல இடங்களில் அவர்களே கூப்பிடுகிறார்கள்.

இன்னும் ஒன்று. உங்கள் தம்பியை வைத்துக்கொண்டே அவனைப் பற்றி, அவன் அங்கே இல்லாத மாதிரி பேசாதீர்கள். குவார்ட்டர்ஸுக்கு வந்த நான்காம் வருஷம் மாமியார் காலமானார். எனக்கு அது பெற்ற தாய் போன மாதிரி. சாப்பாடு இறங்காமல் மூலையில் கிடந்தேன். துக்கத்துக்கு வந்த உறவுக்காரர் ஒருவர், அஞ்சலையைக் கண்ணால் காட்டி என் கணவரிடம் கேட்டார்: "அம்மாவும் போயிட்டாங்க. இனிமே யாரு பாத்துக்கறது?"

அஞ்சலை ஒரு தம்ளரில் கஞ்சி கொண்டுவந்து என் கையில் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவரை நிமிர்ந்து பார்த்தாள். அதுவரை அவ்வளவு நீளமாக அவள் பேசி நாங்கள் கேட்டதில்லை.

"அண்ணிய நான் பாத்துக்குவேன்" என்றாள்.